பலகையில் சுடும் மீன்: இனிப்புப் பாணியை எப்போது பூசுவது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ரொறன்ரோ வந்து முதல் கோடை காணும் ஒரு தம்பியின் கேள்வி: "வேலையிடத்து விருந்தில் சீடர் (cedar) மரப் பலகையில் சுட்ட சமன் மீன் தந்தார்கள், மேலே இனிப்பாய் மினுங்கியது. வீட்டில் செய்தால் பலகை தீப்பிடிக்குது, பூச்சு கருகுது, நடு மீன் பச்சையாய் இருக்குது. எங்கே பிழை?"

தம்பி, ஊரில் தணலுக்கு மேல் மீன் வாட்டுகிற கணக்கில் இதைச் செய்யேலாது. அங்கே நெருப்பு மீனை நேரே தொடும். இங்கே பலகை குறுக்கே நின்று தடுக்கும். வெளியே வைத்துச் சுடுகிற பார்பிகியூ அடுப்பின் மூடியைப் போட்டால்தான் சூடு சுழன்று மேலாலும் மீனை அவிக்கும். திறந்து வைத்தால் வேகுவது பலகைதான்.

சமையலுக்கென்றே விற்கிற, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள சீடர் பலகை வாங்குங்கள். வேலி அடிக்கிற மரம் மலிவென்று எடுக்க வேண்டாம், மருந்தேற்றிய மரத்தின் புகை நஞ்சு. பைன் மரமும் சரிவராது, பிசின் புகை மீனைக் கசக்கப்பண்ணும். பலகையை ஒன்றிலிருந்து இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். மிதக்கும், மேலே பாரம் வேண்டும். பத்து நிமிடம் நனைத்த பலகையின் ஓரம் உடனே பற்றிக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

மீன் தோலோடு, 2.5 சென்ரிமீற்றர் தடிப்பில், 700 கிராம் அளவான துண்டாய் இருக்கட்டும். வால் பக்கம் மெல்லிசாய் இருந்தால் அதை அடியில் மடித்துவிடுங்கள். விரலால் தடவி, தட்டுப்படுகிற முள்ளை இடுக்கியால் இழுங்கள். ஒரு தேக்கரண்டி உப்புத் தடவி 20 நிமிடம் வைத்து, கடதாசியால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈர மீனில் பூச்சு நிற்காது, வழிந்து பலகையில் விழும். அப்படி விழுந்த சீனிதான் முதலில் கருகும். உப்பில் ஊறினால் வேகும்போது வெள்ளையாய்க் கசிவதும் குறையும். அது வெறும் புரதம், பழுதல்ல. நிறையக் கசிந்தால் சூடு கூடிப்போச்சு என்று அர்த்தம்.

பூச்சுக்கு இங்கே மேப்பிள் பாணி 3 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 1 மேசைக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, நசுக்கிய உள்ளி இரண்டு பல்லு. எங்கட வாய்க்கு, தயிருக்கு ஊற்றுகிற கித்துள் பாணியோடு அரைத் தேக்கரண்டி கொச்சிக்காய்த்தூளும் உள்ளியும் உப்பும் இன்னும் பொருந்தும் என்பேன். எதுவென்றாலும் சிறு தீயில் 4, 5 நிமிடம் வற்றவைத்து, கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதத்தில் இறக்குங்கள். தேசிக்காய்ப்புளியை இறக்கிய பிறகு விடுங்கள்.

அடுப்பு 200 பாகை செல்சியஸ். வெறும் பலகையை 3, 4 நிமிடம் வையுங்கள். படபடவென்று வெடித்து மெல்லப் புகைந்ததும் புரட்டி, சூடேறிய பக்கத்தில் மீனைத் தோல் கீழே இருக்க வைத்து மூடுங்கள். பத்து நிமிடம் பூச்சும் வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பிறகு ஒருமுறை பூசி, நாலு நிமிடத்தில் இன்னொருமுறை. மொத்தம் 15 முதல் 20 நிமிடம். கனடா சுகாதாரத் திணைக்களம் மீனின் நடுவே 70 பாகை வரச் சொல்கிறது. சாப்பாட்டுக்கடைகளில் அதற்கு முன்னமே இறக்குவார்கள், மீன் சாறாய் இருக்கும். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் 70 வந்தபிறகே கொடுங்கள். ஓரம் பற்றினால் தெளிபோத்தலால் தண்ணீர் அடித்து, பலகைக்குக் கீழுள்ள காஸைக் குறையுங்கள்.

மாடிவீடு என்றால் பல்கனியில் அடுப்பு வைக்கலாமா என்று வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள், பல கட்டிடங்களில் தடை. குளிருக்குப் பயந்து கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். அதற்குப் பதில் அவணில் தட்டின்மேல் பலகையை வைத்து அதே 200 பாகையில் செய்யலாம், புகைவாசம் மட்டும் குறையும்.

வேலை முடிந்த பலகையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தாமல் குப்பையில் போடாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

ஊருக்குப் போகும்போது செய்து காட்டுவதென்றால் கொடுவா எடுங்கள், தடிப்பான சதை, பலகைக்குத் தோது. பெயின்ற், வார்னிஷ் படாத, சமையலுக்கு ஏற்ற பலகை, சிரட்டைக் கரி, மூடுவதற்கு ஒரு பெரிய அலுமினியத் தாச்சி. தணலை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் பலகையை வையுங்கள்.