பழைய வீட்டின் சுவிட்ச்களைக் குரலுக்கு இயங்கும்படி மாற்ற முடியுமா? சுவரை உடைக்க வேண்டுமா?

முடியும். பெரும்பாலான வீடுகளில் சுவரைத் தொடவே வேண்டியதில்லை.

அப்பா அம்மா மட்டும் இருக்கும் பழைய வீடு, ராத்திரி எழுந்து சுவிட்சைத் தேடாமல் படுத்தபடியே சொன்னால் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தேவைக்காகத்தான் மயிலாடுதுறையில் இருக்கும் எங்கள் வீட்டுப் போர்டுகளை, லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து மாற்றினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் நான் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: சுவரில் இருக்கும் சுவிட்ச் எப்போதும்போல வேலை செய்தாக வேண்டும். வயதானவர்களின் கை பல வருடமாகப் பழகிய இடம் அது. நெட் போனாலும், அலெக்ஸா மக்கர் பண்ணினாலும் அங்கே தட்டினால் விளக்கு எரியணும்.

ஸ்மார்ட் பல்பை நான் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். அதற்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அப்பா வழக்கம்போல சுவிட்சை அணைத்துவிட்டால் குரலுக்கு அது எரியாது. வாடகை வீட்டுக்கு அது சரி, சொந்த வீட்டுக்குச் சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் சின்ன ரிலே (மின்சைகையால் தானே ஆன், ஆஃப் ஆகும் சுவிட்ச்) மாட்யூல்தான் பொருத்தம். சோனாஃப் மினி, ஷெல்லி போன்றவை இந்த வகை. பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். அது இனி விளக்குக்கு நேராகக் கரண்ட் கொடுக்காது, மாட்யூலுக்குச் சைகை மட்டும் கொடுக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். நம் ஊர் வயரிங்கில் போர்டுக்கு ஃபேஸ் (கரண்ட் கொண்டுவரும் வயர்) வரும், அங்கிருந்து ஒவ்வொரு சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகும். நியூட்ரல் போர்டைத் தொடாமல் நேராக விளக்குக்கே போயிருக்கும். மாட்யூல் என்பது எப்போதும் விழித்திருக்கிற ஒரு குட்டிக் கணினி, அதற்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். ஓர் எளிய அடையாளம் சொல்கிறேன்: போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் அங்கே நியூட்ரல் கட்டாயம் இருக்கும். ஹால், படுக்கையறைப் போர்டுகளில் பெரும்பாலும் பிரச்சினை வராது. பாத்ரூம் வெளியே, வராந்தா, மாடிப்படி போன்ற இடங்களில் ஒற்றைச் சுவிட்ச் மட்டும் இருக்கும் பெட்டிகளில்தான் இருக்காது. அங்கே பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டுப் பக்கத்துப் போர்டிலிருந்து ஒரு நியூட்ரல் இழுத்துவிடலாம். நியூட்ரல் தேவைப்படாத மாட்யூல்களும் கிடைக்கின்றன. அவை விளக்கின் வழியாகவே சிறிது கரண்ட் எடுத்துக்கொள்வதால், சின்ன எல்ஈடி பல்புகள் அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது சிமிட்டும். அதற்கு விளக்கின் பக்கம் ஒரு கெப்பாசிட்டர் போட வேண்டிவரும். பைப்பில் இடமிருந்தால் நான் வயர் இழுக்கவே சொல்வேன்.

இழுக்கிற நியூட்ரல், அந்த ஃபேஸ் வருகிற அதே சர்க்யூட்டினுடையதாக இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) இருந்து, ஒன்றின் ஃபேஸையும் இன்னொன்றின் நியூட்ரலையும் சேர்த்தால், ஒரு மாட்யூலில் வித்தியாசம் தெரியாது. அது எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான். நாலைந்து சேர்ந்த பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி காரணமே இல்லாததுபோல டிரிப் ஆகும், அப்போது தேடுவது கஷ்டம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, நிதானமாகப் படியுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயினை இறக்கியதும் "கரண்ட் போய்விட்டது" என்று அது எடுத்துக்கொண்டு உடனே ஓட ஆரம்பிக்கும். ஒரே போர்டில் சில சுவிட்சுக்கு ஈபி ஃபேஸ், சிலதுக்கு இன்வெர்ட்டர் ஃபேஸ் இருப்பது நம் வீடுகளில் சகஜம். அதாவது மெயினை அணைத்த பிறகும் அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் அவுட்புட்டையும் கழற்றிய பிறகே பிளேட்டைத் திறக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் வீடு என்றால் ஒரே பெட்டியில் இரண்டு ஃபேஸ் வந்திருக்கலாம், அவற்றுக்கு இடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் பாருங்கள். இந்த வேலையை யூடியூப் பார்த்துத் தனியாகச் செய்ய வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மாடிப்படி டூ-வே சுவிட்சில்தான் (ஒரே விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் போடுவது) எலக்ட்ரீஷியன்களும் தடுமாறுகிறார்கள். வழக்கமாகக் கீழ்ச் சுவிட்சின் நடுமுனைக்கு ஃபேஸ் வரும், இரண்டு வயர் மேலே போகும், மேல்ச் சுவிட்சின் நடுமுனையிலிருந்து விளக்குக்குப் போகும். மாட்யூலை மேல்ப் போர்டில் வையுங்கள். விளக்கு வயரைக் கழற்றி மாட்யூலின் அவுட்புட்டில் கொடுத்து, அந்த நடுமுனையை மாட்யூலின் சுவிட்ச் முனைக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஷெல்லி 1-இன் எஸ்டபிள்யூ (சுவிட்ச்) முனை ஃபேஸை ஏற்கும், சோனாஃப் மினியின் எஸ்1, எஸ்2 முனைகள் ஏற்காது, கரண்ட் கொடுத்தால் மாட்யூல் எரிந்துவிடும். ஆக, மாடிப்படிக்கு இந்த முறையில் செய்வதென்றால் ஃபேஸை ஏற்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். மேலும் கீழும் ஒரே ஃபேஸாகவும் இருக்க வேண்டும். பிறகு ஆப்பில் சுவிட்ச் வகையை "எட்ஜ்" என்று மாற்றினால், எந்தப் பக்கம் தட்டினாலும் விளக்கு மாறும்.

ஃபேனுக்கு ஆன், ஆஃப் போதும் என்றால் மாட்யூலின் அவுட்புட்டைப் பழைய ரெகுலேட்டருக்குக் கொடுங்கள், வேகத்தைக் கையால் வைத்துக்கொள்ளலாம். வேகமும் குரலில் வேண்டுமென்றால் ஃபேனுக்கென்றே வரும் கெப்பாசிட்டர் வகை மாட்யூல் வாங்க வேண்டும், பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட வேண்டும். விளக்கு டிம்மரில் ஃபேனைப் போட்டால் உறுமும். பிஎல்டிசி ஃபேனுக்கு (வேகக் கட்டுப்பாடு உள்ளேயே இருக்கும், ரிமோட்டில் ஓடும் புதுவகை) ரெகுலேட்டர், டிம்மர் எதுவும் கூடாது.

கீசர், ஏசி, தண்ணீர் மோட்டார் மூன்றையும் இந்த மாட்யூல்களில் போடாதீர்கள். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் எடுக்கும், மாட்யூல் தாங்குவது பெரும்பாலும் 10 ஆம்பியர்தான். ஒரு ஹெச்பி மோட்டார் 746 வாட்தானே என்று தோன்றும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் "ஆஃப்" என்று எத்தனை முறை சொன்னாலும் மோட்டார் நிற்காது.

ஆப்பில் கட்டாயம் மாற்ற வேண்டிய ஒன்று, கரண்ட் போய் வந்தால் என்ன நிலைக்கு வர வேண்டும் என்பது. "ஆன்" என்று இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் திரும்பும்போது வீட்டு விளக்கெல்லாம் ஒன்றாக எரியும். விளக்குகளுக்கு "ஆஃப்", ஃபேனுக்கு "முன்பிருந்த நிலை" வைத்தோம், கோடையில் தூங்குகிறவர்கள் எழ வேண்டியதில்லை. மின்செலவு பற்றிக் கவலை வேண்டாம், மாட்யூல் ஒன்று எந்நேரமும் 1 வாட் எடுத்தாலும் வருடத்துக்கு 9 யூனிட்டைத் தாண்டாது. ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். இந்த மாட்யூல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இணையும்.

பெயர் வைப்பதை அம்மாவிடமே விடுங்கள். ஆப் தானாகக் கொடுக்கும் "சுவிட்ச் 1", "சுவிட்ச் 2" யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் அம்மா வீட்டில் எப்படிச் சொல்வாரோ அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, அலெக்ஸாவுக்கு எது பிடிபடுகிறதோ அதையே பெயராக வைத்தோம். "ஹால் லைட்", "பாத்ரூம் லைட்" எல்லாம் சுலபம். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர் மட்டும் வேண்டாம். கேட்கும் கருவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் காற்றுச் சத்தத்தில் குரல் கேட்காது.

எல்லாப் போர்டையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் படுக்கையறையும் பாத்ரூம் வழியும் மட்டும். அவர்களுக்குப் பழகட்டும், மற்றதை அவர்களே கேட்பார்கள். ஒவ்வொரு பிளேட்டையும் மூடும் முன் உள்ளே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் ஈபி, எது இன்வெர்ட்டர், எது புதிதாக இழுத்த நியூட்ரல் என்று டேப் ஒட்டி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது வேறு எலக்ட்ரீஷியன் வந்து திறந்தால், அவருக்கு அதுதான் பாதுகாப்பு.