கண்ணாடி இழை நைலான் ராடு என்றால் என்ன, எங்கே பயன்படுத்தலாம்?

நைலானை உருக்கும்போதே குட்டையான கண்ணாடி இழைகளை, பெரும்பாலும் எடையில் 30 சதவீதம், கலந்து, அச்சுத் துளை வழியாகத் தள்ளி எடுக்கும் உருளைதான் இது. சுவருக்குக் குழைக்கும் மண்ணில் வைக்கோல் சேர்ப்பதுபோல, இழுவிசையை இழை தாங்குகிறது, நைலான் அதைக் கவ்விப் பிடிக்கிறது. அதனால் விறைப்பு கூடும். சூட்டிலும் தொடர் சுமையிலும் வளைவது குறையும். மோட்டாருக்கு அருகில் வரும் பிராக்கெட்டுகள், மின்காப்புப் பாகங்களுக்கு மிக ஏற்றது.

ஈரம் குடித்து உப்பும் குணம் குறையுமே தவிர முழுக்கப் போகாது. எனவே இறுக்கமான அளவு வைக்காதீர்கள். லேத்தில் கடையும்போது ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் சீக்கிரம் மழுங்கும், அதைவிடக் கடினமான கார்பைடு டூல் போடுங்கள். தூசியை மூச்சில் இழுக்கவே கூடாது, மாஸ்க் கட்டாயம்.

இழை சேர்த்தது எதற்கும் மேல் என்று புஷ்ஷுக்கும் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் உறை) இதையே வாங்குவது தவறு: கண்ணாடி நுனிகள் மென்மையான ஷாஃப்ட்டை அராவிவிடும், அங்கே எண்ணெய் கலந்த காஸ்ட் நைலான்தான் சரி.