பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் ஓர் உருவத்தை நடக்க வைத்தால் முட்டி பின்னால் மடிகிறது, பாதம் வழுக்குகிறது: ஏன்?

முட்டி தவறாக மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எந்தப் பக்கம் மடக்குவது என்று, பாதம் போகும் இடத்துக்கேற்பக் காலைத் தானே மடக்கும் ஐகேவுக்கு (இன்வர்ஸ் கினிமேடிக்ஸ்) தெரியாது. எலும்புகளின் அமைப்பை மாற்றும் எடிட் மோடில் முட்டி மூட்டை மட்டும் பிடித்து முன்பக்கமாகத் துளி இழுத்துவிடுங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது லேசான வளைவு தெரிந்தால் போதும். பிறகு கெண்டைக்கால் எலும்புக்கு ஐகே கன்ஸ்ட்ரெயின்ட் (கட்டுப்பாடு) கொடுத்து, செயின் லெங்த்தை, அதாவது ஐகே மடக்கும் எலும்புகளின் எண்ணிக்கையை, 2 ஆக்குங்கள். 0 என்றால் மேலுள்ள எல்லா எலும்பும் என்று பொருள்; அப்படியே விட்டால் இடுப்பும் சேர்ந்து இழுபடும். முட்டி நோக்க வேண்டிய திசையைக் காட்டும் போல் டார்கெட் வைத்ததும் முட்டி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் பதற வேண்டாம், அதன் திருப்பக் கோணமான போல் ஆங்கிளில் 90 அல்லது -90 போட்டுப் பாருங்கள்.

பாதத்தை இழுக்கும் டார்கெட் எலும்புக்கு இடுப்பெலும்பு பேரன்ட்டாக இருக்கவே கூடாது. இடுப்பை இறக்கும்போது பாதமும் சேர்ந்து தரைக்குள் போய்விடும்.

வழுக்கல் வேறு கதை. நின்ற இடத்திலேயே நடக்கும் சுழற்சியில், தரையில் படிந்த பாதம் ஒரே வேகத்தில் பின்னால் போக வேண்டும். பிளெண்டர் இயல்பாகப் போடும் பெசியர் வளைவோ தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைக் குறைத்துவிடும். அசைவின் வளைவுகளைக் காட்டும் கிராஃப் எடிட்டரில், பாதம் தரையில் இருக்கும் பகுதியின் கீக்களை (நிலையைப் பதிந்த புள்ளிகளை) மட்டும் தேர்ந்தெடுத்து லீனியர் (சீரான வேகம்) ஆக்குங்கள். உருவத்தை முன்னே நகர்த்தும் ரூட் எலும்புக்கும் அதேதான். பாதம் காற்றில் இருக்கும் பகுதிக்குப் பெசியரே அழகு, அதைத் தொடாதீர்கள்.