எட்டு மாதத் தனிமை, ஸ்தோத்திரம் வரவில்லை

விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமில்லை சகோதரி. சிறுநீரக மாற்றுக்குப் பிறகு எட்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன், யூடியூபில் ஆராதனை பார்த்தும் ஸ்தோத்திரம், அதாவது தேவனுக்கு நன்றி சொல்லும் துதி, வாயில் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் முதலில் முறையிடுங்கள். சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். கடைசி வரி வரை இருட்டுதான். அதுவும் ஜெபமாகத்தான் வேதத்தில் இருக்கிறது.

எனக்குத் தோன்றும் காரணம், வியாதிக்கே நன்றி சொல்ல வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்குகிறீர்கள். பவுல் காவலிலிருந்து எழுதிய பிலிப்பியர் நிருபத்தைப் பாருங்கள். சந்தோஷமாயிருங்கள் என்கிற அதே நிருபத்தில்தான், வியாதியில் சாகக்கிடந்த தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து பிழைத்திராவிட்டால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்கிறார் (2:27). நாலாம் அதிகாரத்தில் அவர் மகிழ்வதும் சங்கிலிக்காக அல்ல, அந்த எப்பாப்பிரோதீத்து கையில் பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவிக்காக.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். ராத்திரி மாத்திரை போடும்போது, அன்றைக்கு உங்களுக்கு ஏதோ செய்த ஒரே ஒருவரைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். கதவில் பால் பாக்கெட் மாட்டிவிட்டுப் போன பையனானாலும் சரி. முடிந்தால் அவருக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

திருவிருந்துக்கு ஆயரை வீட்டுக்கே அழைக்கலாம். நோயாளிகளுக்கு அது வழக்கம்தான். டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், பொதுக் கிண்ணம் மட்டும் வேண்டாம்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் அதை ஆவிக்குரிய குறைவென்று விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் மனநிலையைக் குழப்பும். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தக்கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.