ஜோபர்க் வீட்டுக் கணப்புக்கு மரச்சட்டம்

தம்பி, ஜோகன்னஸ்பர்க் கென்சிங்டன்ல பழைய வீடு வாங்கியிருக்கேன், ஹால் சுவர்ல குளிர்காய நெருப்பு மூட்டுற கணப்பைச் சுத்தி நானே மரச்சட்டம் அடிக்கலாமா, எந்த மரம் நல்லதுன்னு கேட்டிருந்தீங்க. தாராளமா அடிக்கலாம். டர்பன் சொந்தக்காரங்க கேட்டா சிரிப்பாங்க, அவங்களுக்கு ஜூலைலயும் கடல்காத்து. நாம 1,700 மீட்டர் உயரத்துல உட்கார்ந்திருக்கோம், ஜூலைக் குளிருக்குக் கணப்பு வேணும்.

மரக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டோட வயசைப் பாருங்க. தென்னாப்பிரிக்காவோட 1999 பாரம்பரியச் சட்டப்படி, 60 வருஷம் தாண்டின கட்டடத்துல எதை மாத்தணும்னாலும் மாகாணப் பாரம்பரிய ஆணையத்தோட அனுமதி வேணும். உங்க பக்கத்து வீடுகள் பலதும் அந்தக் கணக்குல வரும். பழைய வார்ப்பிரும்பு முகப்பு இருந்தா பெயர்த்துடாதீங்க, அதுக்கு வெளியில மரம் கட்டுனா போதும்.

அடுத்தது இடைவெளி. படத்துல பார்க்கும்போது மரம் நெருப்பை ஒட்டி நிக்கிற மாதிரி இருக்கும்; உண்மையில நடுவுல கல்லோ டைல்ஸோ ஒரு பட்டை ஓடும். அமெரிக்க விதியில, கணப்புத் திறப்போட விளிம்புல இருந்து 6 அங்குலத்துக்குள்ள மரமே கூடாது. 12 அங்குலம் வரைக்கும் மரம் வரலாம், ஆனா அதிகமா வெளியே துருத்தக்கூடாது. ஒவ்வொரு அங்குல தூரத்துக்கும் 1/8 அங்குலம்தான் துருத்தலாம். அதனால பொருள் வைக்கிற மேல்பலகையை 12 அங்குலத்துக்கு மேலதான் ஏத்தணும். கண்ணாடிக் கதவு போட்ட அடுப்புன்னா, அதைச் செஞ்ச கம்பெனி கொடுத்த கையேட்டு அளவுதான் கணக்கு.

பெயிண்ட் அடிக்கப்போறீங்கன்னா கடைப் பைன் போதும். மரவரி தெரியணும்னா, பழைய வீட்டை இடிச்சு விக்கிற யார்டுல ஓரிகன் பைன் (டக்ளஸ் ஃபிர் மரம்) தேடுங்க. நல்லாக் காய்ஞ்ச மரம், புதுசு மாதிரி முறுக்கிக்காது. ஒளிஞ்சிருக்கிற ஆணிக்குக் காந்தம் ஓட்டிப் பாருங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், உப்புத்தாளால காய்ஞ்ச நிலையில தேய்க்காதீங்க.

புது மரத்தை ஹால்லயே சில வாரம் அடுக்கிப்போடுங்க. இங்க கோடையில மழை, குளிர்ல வறட்டுக்காத்து. 45 டிகிரி மூலை வெட்டு ஜூலைல வாயைப் பிளக்கும். அதனால நான் மூலை வெட்டே வைக்கிறதில்ல; ரெண்டு கால் சட்டத்து மேல குறுக்குச் சட்டத்தை நேரா உட்கார வெச்சுடுவேன். மேல்பலகைக்கு, சரிவா அறுத்த ரெண்டு ரீப்பர்: ஒண்ணு சுவர்ல, ஒண்ணு பலகை முதுகுல. தூக்கி மாட்டுனா ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும், ஸ்க்ரூத் தலையே வெளிய தெரியாது. செங்கல்ல டிரில் போடும்போது ஆழம் பார்த்துப் போடுங்க, சுவருக்குள்ளதான் புகைவழி போகுது.

திறப்போட அகலம், உயரம், மேல எவ்வளவு சுவர் இருக்குன்னு அளந்து அனுப்புங்க. பலகைக் கணக்கு போட்டுத் தர்றேன்.