எங்கள் ஊர்க் குன்றைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் குன்று அரசுப் புறம்போக்கு. அதில் சுனை இருக்கிறது, மயில்கள் இருக்கின்றன. குவாரி வரப்போகிறது என்று ஊரில் பேச்சு. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியைப் போல இதையும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வைக்க முடியுமா? ஆடு மேய்ப்பவர்கள், மேய்ச்சல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.
– ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: முடியும். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது, பலவகை உயிரினங்கள் வாழும் சிறப்பான இடத்தைக் காக்க மாநில அரசு சட்டப்படி அறிவிப்பது. ஆனால் அறிவிப்பு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். அரிட்டாபட்டியில் 193 ஹெக்டேருக்கு 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது, அப்புறமும் 2024-இல் அந்த இடத்தையும் சேர்த்து 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது, 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கே நடந்து போனார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது.

நான் அரிட்டாபட்டிக்குப் போயிருந்தபோது சமணர் படுகைக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு இறகு கிடந்தது. கூட வந்த ஊர்ப் பெரியவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து "இது வல்லூறு" என்றார், எந்த இடுக்கில் கூடு, எந்த மாதம் குஞ்சு என்று வரிசையாகச் சொன்னார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். அவர் சொல்வதையெல்லாம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில், அதாவது ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றி ஊரார் அறிந்ததையும் எழுதி வைக்கும் ஏட்டில், ஏற்ற வேண்டும். இந்தப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழு ஊராட்சியில் பெயரளவில் இருந்தால் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை (ஊர் நிலங்களின் விவரம் உள்ள வருவாய்த்துறைப் பதிவேடு) பார்த்து, சர்வே எண்ணையும் நிலம் என்ன வகை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வே எண் இல்லாத மனு மேசையிலேயே கிடக்கும்.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலை ஆட்சியருக்கும் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் அனுப்புங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி, உள்ளாட்சியைக் கலந்துதான் மாநில அரசு அறிவிக்கும்.

மேய்ச்சல் பயம் நியாயமானதுதான், காப்புக்காடு என்றால் கெடுபிடி உண்டு. பாரம்பரியத் தலம் அப்படியல்ல. ஊர்க்காரர்களின் வழக்கமான பயன்பாட்டை, அவர்களாக முடிவு செய்தாலொழியத் தடுப்பது அதன் நோக்கமில்லை. இதை ஆடு மேய்ப்பவர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். சுனையில் எந்தக் கோடையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? பதிவேட்டில் அதையும் எழுத வேண்டும்.