ஜவ்வு கிழிந்த முட்டிக்கு ஊசி போடலாமா?

கேள்வி: அக்குபஞ்சர் டிப்ளமோ முடித்து, இரண்டு வருடமாகக் கிளினிக் நடத்துகிறேன். முதுகுவலி, தலைவலி என்று வருபவர்கள்தான் அதிகம். சமீபமாகக் கபடிப் பையன்கள் முட்டிவலி, கால் சுளுக்கு என்று வருகிறார்கள். விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனியாக நடத்த ஆசை. எப்படி வளர்ப்பது? போர்டில் ‘விளையாட்டு மருத்துவர்’ என்று போடலாமா? ஸ்கேன் தேவையில்லை, நாடி பார்த்தால் போதும் என்கிறார் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். சரிதானா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சரியில்லை. விளையாட்டுக் காயத்தில் அந்தப் பேச்சு ஒரு பையனின் காலைக் கெடுத்துவிடும்.

ரெய்டு போனவன் பாதத்தை ஊன்றியபடியே உடம்பைத் திருப்புகிறான். முட்டிக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கிவிடுகிறது. இப்படி ஒருவன் வந்தால், பையன்களே ஏ.சி.எல். என்று சொல்லும் ஜவ்வு கிழிந்திருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நாடியில் அது தெரியாது. எலும்பு மருத்துவர் முட்டியைக் கையால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார், எம்.ஆர்.ஐ. உறுதி செய்யும். நீங்கள் ஊசி போட்டால் வலி குறையலாம். குறைந்தால்தான் சிக்கலே. வலி இல்லாதவன் அடுத்த வாரம் களத்தில் இறங்குவான். பிடிமானமற்ற முட்டி மறுபடி நழுவும்போது உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் கிழியும். ‘சத்தம் கேட்டதா, வீக்கம் எப்போது வந்தது, நடக்கும்போது நழுவுகிறதா’ என்று கேட்காமல் ஊசியைப் பிரிக்காதீர்கள்.

கணுக்கால் பிசகி வருபவனை நான்கு எட்டு நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் எக்ஸ்ரே. நடந்துவிட்டாலும், கணுக்காலின் இருபக்க எலும்பு மேடுகளின் பின்விளிம்பைக் கீழ் நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் வரை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பு தொடங்கும் மேட்டையும், உட்பக்க வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பையும் விட்டுவிட வேண்டாம். எலும்பில் வலித்தால் எக்ஸ்ரே. கனடாவில் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதி இது. செலவே இல்லாத சோதனை.

எலும்பும் ஜவ்வும் பத்திரம் என்று தெரிந்தபின் உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. நாள்பட்ட முதுகுவலிக்கும் தோள்வலிக்கும் அக்குபஞ்சர் உதவுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. குத்துவதுபோல் பாவனை காட்டும் போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது என்றும் அவை சொல்கின்றன. கிழிந்த தசையை ஊசி ஒட்டவைக்கும் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். வலி தணிந்திருக்கும் நேரத்தில் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். குதிகால் தசைநார் வலி என்று வருபவனை, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெதுவாகக் கீழிறக்கச் சொல்லலாம். எவ்வளவு, எத்தனை முறை என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். அப்படி ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோள்மேட்டில் ஜிபி 21 புள்ளியில் கவனம். சதைப்பற்றில்லாத ஓட்டக்காரனுக்கு அங்கே செங்குத்தாக ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் தொட்டுவிடலாம். நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும். பயிற்சி முடித்து வெறும் வயிற்றில் வருபவனை உட்காரவைத்துக் குத்தவேண்டாம், மயங்கி விழுவான். ஏதாவது சாப்பிடச் சொல்லி, படுக்கவைத்துச் செய்யுங்கள்.

சூரணம், லேகியம் எதையும் கையில் கொடுக்காதீர்கள். தாமரை விதையின் முளையில் இருக்கும் ஹிஜெனமைன் என்ற பொருள்கூட ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. தேசிய அளவில் ஆடும் பையன் சோதனையில் சிக்கினால், ‘தெரியாமல் சாப்பிட்டேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி.

கிளினிக்கை வளர்ப்பதற்கு வருகிறேன். உங்கள் ஊரில் உங்களுக்கு நிஜமான போட்டி, சுளுக்கு வழிக்கும் பெரியவர்தான். மைதானத்துக்குச் சொல்லியனுப்பினால் அவர் வந்துவிடுவார். அதனால்தான் பையன்கள் அவரை நம்புகிறார்கள். நீங்களும் போங்கள். போட்டி நடக்கும் நாளில் ஐஸ், கட்டுத்துணியோடு ஓரமாக உட்காருங்கள். ‘இவன் இன்று இறங்கக் கூடாது’ என்று நீங்கள் சொல்லி அது சரியாக இருந்துவிட்டால், பயிற்சியாளர் அடுத்த பையனையும் உங்களிடம்தான் அனுப்புவார். ஆனால் கபடிப் பையன்களிடம் காசு இருக்காது. கிளினிக் வாடகையைக் கட்டப்போகிறவர்கள், காலையில் இறகுப்பந்து ஆடும் நாற்பது வயதுக்காரர்களும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும்தான். அவர்களிடம் முழுக் கட்டணம் வாங்கத் தயங்காதீர்கள்.

‘விளையாட்டு மருத்துவர்’ என்று போடக் கூடாது. மத்திய அரசு 2019-இல் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதற்காக டிப்ளமோ முடித்தவர் மருத்துவர் ஆகிவிடவில்லை. கிளினிக் பதிவு பற்றி மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். போர்டில் உங்கள் பெயர், ‘அக்குபஞ்சர் சிகிச்சையாளர்’, வேலை நேரம், இவ்வளவு போதும். அந்த நேரத்தை மட்டும் மாலை ஐந்து முதல் எட்டு என்று வைத்துவிடாதீர்கள். அப்போது அவர்களெல்லாம் மைதானத்தில் இருப்பார்கள்.